டாஷ்போர்டில் ஓர் ஓட்டை

1

இந்தக் கதை ஓர் ஓட்டையிலிருந்து பிறந்தது. மறைப்பானேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம், அதாவது இந்த அறுபத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம், புக்கிட் தீமா சாலையில் பழைய கார் விற்கும் இடமொன்றில் மழைக்கு ஒதுங்கினேன். கார் வாங்குகிற முகமா என்னுடையது? விற்பனையாளர் ஒரு பார்வையிலேயே தெரிந்துகொண்டார். ஆனாலும் பொழுது போகவேண்டுமே, மூலையில் நின்ற ஒரு பச்சை ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டினார். முப்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது. நீண்ட மூக்கு, துணிக்கூரை, இரண்டே இருக்கை.

"நல்ல காருதான் சார். யாரோ ஒரு புண்ணியவான் டாஷ்போர்டுல ஓட்டை போட்டுட்டான். ஒரிஜினல் போச்சு. எவனும் வாங்க மாட்டேங்கிறான்."

பார்த்தேன். மெருகேற்றிய மரப்பலகையில், ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம், என் சுட்டுவிரல் நுழைகிற ஓட்டை. அதன் பக்கத்தில் ஒரு கீறல். துளை போட வந்த கருவி முதலில் சறுக்கியிருக்கிறது. போட்டவர் கை நடுங்கியிருக்கிறது. யார் கை? எதற்கு நடுங்கியது?

மழை விட்டது. நான் போகவில்லை.

"விரலை எடுங்க சார்" என்றார் விற்பனையாளர்.

2

முதல் தொடக்கம்: "1955ஆம் ஆண்டின் ஓர் இனிய மாலையில் விஸ்வலிங்கம் தம் வாழ்நாள் கனவைக் கண்டார். அதனுள்ளே கோழிகள்—"

இதை வாசித்துக் காட்டியபோது என் மனைவி கண்மணி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். "கனவுல எதுக்குங்க கோழி?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான உறவு பண்டைக்காலந்தொட்டே ஆராயத்தக்க—" இது நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருப்பதால் வந்த வினை. இதைக் கேட்டுக் கண்மணி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மூன்றாவதுதான் நின்றது. விஸ்வலிங்கம் துறைமுகத்தில் கிளார்க். யாழ்ப்பாணத்துக் குடும்பம், காத்தோங்கில் வீடு. காரின் சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஃபைல் வைத்திருந்த மனிதர். ஐம்பத்தைந்தில் சாங்கிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் இந்தக் காரைக் கண்டார்.* வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து, பிறகுதான் காரை வீட்டுக்கு இழுத்து வந்தார். அப்படிப்பட்ட நல்ல மனிதர்.

(* பார்த்தீர்களா, கோழியை நான் விடவில்லை. கனவிலிருந்து பண்ணைக்கு மாற்றிவிட்டேன்.)

அடுத்த ஏழு வருஷமும் அவருக்கு அந்தக் கார்தான் பூஜை, அந்தக் கார்தான் புனஸ்காரம். ஒரு திருகாணி வேண்டுமென்றால்கூட இங்கிலாந்துக்குக் கடிதம் போகும். "ஒரிஜினல்" என்ற சொல்லைப் பிள்ளையார் பெயரைப் போலச் சொல்லுவார். அவருக்கு யோகம் என்று ஒரு மனைவி. தேநீர் கொண்டு வந்தாள். தட்டை வைத்தாள். சிரித்தாள். போனாள்.

3

"ஏங்க, அந்தம்மாவுக்கு டீ கொண்டு வர்றதத் தவிர வேற வேலையே இல்லையா?" என்றாள் கண்மணி.

சுருக்கென்றது. ஏனென்றால் அந்த நேரத்தில் அவளே எனக்குத் தேநீர் கொண்டு வந்திருந்தாள்.

சரி என்று யோகத்தை மறுபடி எழுத உட்கார்ந்தேன். யோகம் ஆங்கில ஆசிரியை. இங்கிலாந்துக்குப் போன கடிதங்கள் எல்லாம் அவள் எழுதியவை. காரின் தோல் இருக்கைகள் இரண்டும், மேலே மடக்கும் துணிக்கூரையும் அவள் தையல் மெஷினில் தைத்தவை. நாலு வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இடது கால் பலமிழந்துவிட்டது. இந்த இடத்தில் உருக்கமாக ஒரு பத்தி எழுதினேன். "ஐயோ, அந்த மலர்—" என்று தொடங்கும். வேண்டாம். அந்தப் பத்தி இருந்தால் யோகம் என்னோடு பேசமாட்டாள்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? தேநீர்த் தட்டைக் காரின் மூக்கின்மேல் வைத்துவிட்டு, என் அனுமதியைக் கேட்காமல், ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இஞ்சாருங்கோ. நான் இந்தக் காரை ஓடப் பழகப்போறன்."

விஸ்வலிங்கம் தட்டைத்தான் முதலில் எடுத்தார். பெயின்ட் கீறிவிடுமே.

"உமக்கென்ன விசரே? கிளட்சை மிதிக்க இடது கால் வேணும்."

"காலாலை மிதிக்கிறதைக் கையாலை இழுக்கலாமாம். தேக்காவிலை மெக்கானிக் வேலாயுதம் சொன்னவர். இந்தப் பலகையிலை ஒரு ஓட்டை போட்டால் காணும்."

ஓட்டை என்ற சொல்லைக் கேட்டதும் விஸ்வலிங்கம் ஒரு கையை நீட்டிப் பலகையை மறைத்துக்கொண்டார்.

"வேறை கார் வாங்கித் தாறன். அதிலை எத்தினை ஓட்டை வேணுமெண்டாலும் போடும். இது ஒரிஜினல்."

"ஒரிஜினலோ? இந்தச் சீற்றைத் தைச்சது ஆர்? இங்கிலாந்துக்காரனே?" யோகம் இருக்கையில் ஓங்கித் தட்டினாள். "நான் தைச்ச சீற்றிலை நான் இருக்கேலாதோ?"

"இருந்துகொண்டுதானே வாறீர்."

"பக்கத்துச் சீற்றிலை!"

அவளுக்கு இந்தக் கார்தான் வேண்டும். கடற்கரைச் சாலையில் கூரையை மடக்கிவிட்டு, காற்று முகத்தில் அடிக்க, தானே ஓட்டவேண்டும். இந்தக் கதையில் வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. அது நடக்குமா நடக்காதா, அவ்வளவுதான்.

4

இங்கே கதை பதினொரு நாள் நின்றுபோனது. விஸ்வலிங்கத்தின் மனதை எப்படி மாற்றுவது? யோகத்தை அழவைக்கலாம். [அழமாட்டாள்.] விஸ்வலிங்கத்தின் காலை உடைக்கலாம். [சீ.] சம்பந்தமில்லாத யாராவது வந்து புத்திமதி சொல்லலாம். [எனக்கே யாரும் புத்திமதி சொன்னால் பிடிக்காது.]

கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தேன்.

அது தானாகத்தான் நடந்தது. ஓட்டுநர் பக்கத்துக் கதவின் கீல் கழற்றிக் கிடந்ததால் இந்தப் பக்கமாக ஏறினார். கார் ஓடத் தொடங்கி நாலு வருஷமாகிறது. அந்த இருக்கையில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நிமிர்ந்து பார்த்தார். எதிரே சாலை தெரியவில்லை. முன்கண்ணாடியில், சரியாகக் கண்ணுக்கு நேரே, மழைநீர் துடைக்கும் கம்பியை ஆட்டுகிற மோட்டார் கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துக் கார்களில் அதை அங்கேதான் வைப்பார்கள். அந்த மோட்டாருக்காக அவர் இங்கிலாந்துக்கு ஐந்து கடிதம் அனுப்பியிருந்தார். ஐந்தையும் எழுதியவள் யோகம்.

தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். எப்படிச் சாய்த்தாலும் மோட்டார்தான். நாலு வருஷமாகக் கடற்கரைச் சாலையில் "பாரும், பாரும், எப்படி இருக்கு!" என்று அவர் கத்திக்கொண்டு ஓட்டியபோதெல்லாம் இவள் இதைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. நன்றாகவே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குள்ளே போய், "வேலாயுதத்திட்டைப் போவம்" என்றார்.

5

வேலாயுதத்தின் பட்டறை கெர்பாவ் ரோட்டுச் சந்து ஒன்றில். முன்னால் மாலை கட்டுகிறவர்கள், பின்னால் கிரீஸ் வாசம். அவர் ஏற்கெனவே எல்லாம் செய்து வைத்திருந்தார். சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் தேடிப்பிடித்த ஒரு பித்தளைக் கைப்பிடி, உடைத்துப் போட்ட பஸ் ஒன்றினுடையது. அந்தப் பிடியிலிருந்து ஒரு கம்பி டாஷ்போர்டு வழியாகப் போய்க் கிளட்சைப் பிடிக்கும்.

"ரொம்ப சிம்பிள் லா, டீச்சர். இழுங்க, கொக்கில மாட்டுங்க. இப்ப கை ஃப்ரீ. கியரப் போடுங்க. அப்புறம் கொக்கிலேருந்து எடுத்து மெதுவா விடுங்க. மெதுவா! டக்குனு விட்டீங்கன்னா வண்டி பாயும்."

"இறுக்கமா இருக்குமோ?"

"தினமும் இடியப்பம் பிழியற கை. இதெல்லாம் உங்களுக்கு ஒரு வேலையா?"

குறி போட்டாயிற்று. டிரில்லை எடுத்த வேலாயுதம், திரும்பி அதை விஸ்வலிங்கத்திடம் நீட்டினார்.

"சார், இந்த ஓட்டைய நான் போட மாட்டேன். நாளைக்கு எங்க பார்த்தாலும் என்னைய மொறைப்பீங்க. நீங்களே போட்டுருங்க."

விஸ்வலிங்கம் வாங்கினார். முனையைக் குறியில் வைத்தார். கை நடுங்கியது. டிரில் சறுக்கி, பலகையில் ஒரு கீறல் விழுந்தது.

[நான் பார்த்த கீறல் இதுதான். இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! கண்மணியை எழுப்பிச் சொன்னேன். பகல் தூக்கம் கலைந்த எரிச்சலில், "சரி, மீதியப் போடச் சொல்லுங்க" என்றாள்.]

"விடுங்கோ, நான் பிடிக்கிறன்" என்று யோகம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மரத்தூள் அவள் மடியில் கொட்டியது. ஓட்டை விழுந்தது.

6

இரண்டு மாதம் பயிற்சி. காலாங் பழைய விமானத்தளத்துப் பக்கத் திடலில் வேலாயுதம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மோட்டாரைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டே, "மெதுவா, மெதுவா" என்று கத்துவார். யோகம் நன்றாகவே பழகிவிட்டாள். டெஸ்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் கிடைத்தது.

அன்று எட்டு மணிக்குச் சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயில் வாசலில் காருக்குப் பூஜை. நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம், மூக்கில் மல்லிகை மாலை. ஐயர் கற்பூரம் காட்டினார். யோகம் ஸ்டீயரிங்கில். வண்டி முன்னே உருண்டு பழங்களை நசுக்கவேண்டும், அவ்வளவுதான்.

வேலாயுதத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பூஜையென்றால் தொழிலுக்கு உதவுகிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பதுதானே வழக்கம். சுத்தியலுக்கு வைக்கிறோம், ஸ்பேனருக்கு வைக்கிறோம், தாம் செய்த பித்தளைப் பிடிக்கு வைக்காமல் விடலாமா? ஒரு பொட்டோடு அவர் மனசு ஆறவில்லை. சந்தனத்தைக் குழைத்துப் பிடி முழுக்கப் பூசிவிட்டார். பிள்ளையாருக்குக்கூட அவ்வளவு பூசியிருக்கமாட்டார்கள்.

யோகம் இழுத்தாள், மாட்டினாள். கியரைப் போட்டாள். கொக்கியிலிருந்து எடுத்து மெதுவாக விட—

சந்தனம். பிடி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கார் பாய்ந்தது. நாலு எலுமிச்சம்பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. எதிரே பூக்கடையில் குவித்திருந்த தேங்காய்கள்மேல் இடது மட்கார்டு போய் மோதியது. தேங்காய்கள் சிலோன் ரோடு முழுக்க உருண்டு ஓட, வேலாயுதம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவற்றின் பின்னால் ஓடினார். ஐயர் மட்டும் அசையவில்லை. "பழம் நசிஞ்சுது. காரியம் சரி" என்றார்.

மட்கார்டில் ஒரு பள்ளம். பதினொரு மாதம் காத்திருந்து இங்கிலாந்திலிருந்து வந்த மட்கார்டு.

7

இனி எனக்கும் விஸ்வலிங்கத்துக்கும்தான் பேச்சு. அவர் முதலில் எதைப் பார்த்தார்? மட்கார்டையா, மனைவியையா? மட்கார்டைப் பார்த்ததாக ஒரு தாள் எழுதினேன். அது அவருடைய ஏழு வருஷத்துக்கு நியாயமாக இருந்தது. ஆனால் அந்தத் தாளில் யோகம் காரைவிட்டு இறங்கி, தாங்கித் தாங்கி நடந்துபோய் பஸ்ஸுக்கு நின்றுவிட்டாள். எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை. அந்தத் தாளைக் கிழித்தேன்.

இன்னொரு தாள் இது. யோகத்தின் முகம் வெளுத்துப் போயிருந்தது. கதவைத் திறக்கக் கை போனது.

"இறங்காதையும்" என்றார் விஸ்வலிங்கம்.

இஸ்திரி போட்ட தம் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். பித்தளைப் பிடியைத் துடைத்தார். அவள் உள்ளங்கையைப் பிடித்து விரல் விரலாகத் துடைத்தார். பிறகு சுற்றிவந்து பக்கத்து இருக்கையில் ஏறி, மோட்டாருக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மட்கார்ட்..." என்றாள் யோகம்.

"எனக்கு இஞ்சையிருந்து ஒண்டும் தெரியேல்லை. பின்னுக்கு எடும். பத்து மணிக்கு டெஸ்ட்."

8

டெஸ்ட் என்னவாயிற்று?

ஒரு முடிவில், மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்ன பரிசோதகர், ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாத காரிலிருந்து இறங்கி, மட்கார்டில் ஒட்டியிருந்த தேங்காய் நாரைப் பார்த்தும் பார்க்காததுபோல் கையெழுத்துப் போட்டார். இன்னொன்றில் மூன்று முறை தோற்று நாலாம் முறை தேறினாள். கண்மணிக்கு அதுதான் பிடித்திருக்கிறது. "மொத தடவையே பாஸானா யாருங்க நம்புவா?" மூன்றாவதாக ஒன்று எழுத ஆரம்பித்து, "கடற்கரைச் சாலையில் அவள் கூந்தல்—" என்பதோடு நிறுத்திவிட்டேன். அவள் கொண்டைதான் போடுவாள்.

எதையும் நான் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. எனக்கு வேறு ஒரு கவலை. புக்கிட் தீமாவில் நான் பார்த்தது வெறும் ஓட்டை. பித்தளைப் பிடி அதில் இல்லை. எங்கே போயிற்று?

தோற்றுப்போனவள் என்றால் பிடியைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, மெருகேற்றி, ஒரிஜினல் என்று நல்ல விலைக்கு விற்றிருப்பார்கள். விஸ்வலிங்கத்துக்கு அது ஒரு நாள் வேலை. அவர் அடைக்கவில்லை. பிள்ளைகள் பிறந்து இரண்டு இருக்கை போதாமல் போய்த்தான் விற்றிருக்கவேண்டும். அப்படி விற்கும்போது யோகம் காரைக் கொடுத்துவிட்டுப் பிடியைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறாள், அடுத்த காரில் மாட்ட. அதற்கும் அடுத்த காரில் மாட்ட. இது என் ஊகம். சத்தியம் செய்யமாட்டேன்.

ஆகவே, இதை வாசிக்கிறவரே, உங்கள் வீட்டு அலமாரியில், பழைய சாவிகளுக்கும் எரியாத டார்ச்லைட்டுக்கும் நடுவே, எதற்கென்று யாருக்கும் தெரியாத ஒரு பித்தளைக் கைப்பிடி கிடக்கலாம். கிடந்தால் முடிவு உங்களிடம்தான் இருக்கிறது. எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். இழுத்து, மெதுவாக விடுங்கள்.

முதலில் சந்தனத்தைத் துடைத்துவிடுங்கள்.