நாலு லென்ஸுக்கு ஒரு பாடி

...மூன்று அவளுடையது, ஒன்று அவள் கணவருடையது, இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்தபடியே அவள் படியேறினாள், இரண்டாம் மாடி, ஒவ்வொரு படியும் ஏழு அங்குலம், கடைசிப் படி மட்டும் எட்டு, கட்டியவர் எங்கோ கோட்டை விட்டுக் கடைசியில் சரிக்கட்டியிருக்கிறார், இருபத்திரண்டு வருடம் நிலம் அளந்த சர்வேயரின் காலுக்கு அது தெரியாமல் போகாது. தோள்பையில் நான்கு லென்ஸ்கள். எல்லாம் பழையவை, விரலால் வளையத்தைத் திருப்பித்தான் தெளிவு கொண்டுவர வேண்டும், அதனால் என்ன, கண்ணாடி நல்ல கண்ணாடி. பிலிம் கேமராக்கள்தான் போய்ச் சேர்ந்துவிட்டன. அவளுடையது முக்காலியோடு வாய்க்காலில் விழுந்தது, அவருடையது ஒருநாள் கண்ணை மூடியது மூடியதுதான். இனிமேல் டிஜிட்டல், இரண்டு பேருக்கும் ஒன்று போதும், நாளைக் காலை கிளம்புகிறார்கள், பத்து நாள், கடற்கரை, கல்யாணமாகி எட்டு மாதத்தில் முதல் பயணம், அதற்குள் ஒரு பாடி, லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, வாங்கியாக வேண்டும். எது என்று தீர்மானமாகிவிட்டது. அவளுடைய லென்ஸ்களைச் செய்த அதே கம்பெனியின் பாடி. வைத்துத் திருப்பினால் 'டிக்' என்று உட்காரும். இரண்டு வாரம் படித்துக் குறிப்பெடுத்தாயிற்று, கடைக்காரருக்குத் தெரிவதைவிட அவளுக்கு இரண்டு விஷயம் கூடவே தெரிந்திருக்கும்.

அவருடையது மரை லென்ஸ். போத்தல் மூடிபோல் திருகி மாட்டுவது. இவளுடைய கம்பெனி பாடியில் நேராக உட்காராது, நடுவில் ஒரு அடாப்டர் வளையம் வேண்டும், அதுவும் சரியாக வேலை செய்யாது என்று சிலர் எழுதியிருந்தார்கள், எழுதுகிறவர்கள் எதைத்தான் எழுதவில்லை. காலையில் வாசலில் துணிப்பையில் சுற்றி அதைக் கொடுத்தபோது அவரே சொல்லிவிட்டார், "சேரலேன்னா அங்கேயே கொடுத்துட்டு வந்துடு." செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார், முகத்தில் ஒன்றும் இல்லை. நல்ல மனிதர். நாற்பத்தெட்டு வயதில் ஒரு ஆண்பிள்ளை இவ்வளவு வளைந்து கொடுப்பது அபூர்வம் என்று அலுவலகத்தில் எல்லாரும் சொல்கிறார்கள், அவளும் சொல்வாள். இரண்டு குடித்தனம் ஒன்றாகும்போது எல்லாமே இரண்டிரண்டாக வந்து நிற்கும். இரண்டு குக்கர், இரண்டு கட்டில், இரண்டு ஃபிரிட்ஜ். அவள் டேப்பை எடுத்து அளந்தாள். அவளுடைய குக்கர் ஐந்து லிட்டர், அவருடையது மூன்று. அவளுடைய கட்டில் அரை அடி அகலம் கூட. அவருடைய ஃபிரிட்ஜ் சமையலறை வாசலில் நுழையவில்லை. வீடு கூட அப்படித்தான், அவளுடையதிலிருந்து பேருந்து நிறுத்தம் நூற்றுப்பத்து மீட்டர், அவருடையதிலிருந்து அறுநூறு. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, அளந்து பார்த்தோம், அவ்வளவுதான். சாய்வு நாற்காலிக்கு மட்டும் அவர் ஒரு நிமிடம் நின்றார். கூடத்தில் போட்டால் நடக்க ஒன்றரை அடிதான் மிஞ்சும் என்று அவள் காட்டினாள். மறுநாள் வந்து, வித்தாச்சு, எல்லாத்தையும் ஒண்ணா வித்தாச்சு என்றார்.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அவளுடைய மூன்று லென்ஸ்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பூஞ்சை இல்லை, தூசு இல்லை, பிள்ளை மாதிரி வளர்த்திருக்கீங்க மேடம் என்றார், அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கேட்ட பாடியை எடுத்து வைத்தார். ஒரு கை மாறியது, ஓரத்தில் ரப்பர் லேசாகத் தேய்ந்திருந்தது, பரவாயில்லை. முதல் லென்ஸ், டிக். இரண்டாவது, டிக். மூன்றாவதை மாட்டிச் சன்னலுக்கு வெளியே பார்த்தாள், தெருக்கோடியில் தண்ணீர்த்தொட்டி, அதில் ஏறும் இரும்பு ஏணி, பதினெட்டுப் படி, எண்ண முடிந்தது. இதுதான், பில் போடுங்கள் என்று வாயெடுத்தவள், ஒரு கடமைக்கு, ஆமாம் கடமைக்குத்தான், துணிப்பையை அவிழ்த்து அதையும் மேஜைமேல் வைத்தாள்.

கடைக்காரர் அடாப்டர் வளையத்தைப் போட்டு மரை லென்ஸைத் திருகிக் கொடுத்தார். மேஜைமேல் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள், அடேயப்பா, சாவியின் பல்லில் இருந்த துரு கூடத் தெரிந்தது. பல்... அவள் கணவர் பல்செட் செய்கிறவர். வேலையில் தடுக்கி விழுந்து அவள் முன்பல் உடைந்தபோது, பல் டாக்டர்தான் அவரை வரவழைத்தார், நிறம் பொருத்த வேண்டுமாம். வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை, வாயைத் திறங்க என்றார், இதே லென்ஸை முகத்துக்கு ஒரு அடியில் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு படம் எடுத்தார். அத்தனை கிட்டத்தில் அதற்குமுன் யாரும் அவளைப் பார்த்ததில்லை, அதுவும் பாதிப் பல்லோடு. அப்புறம் செய்துகொண்டு வந்த பல் எது, சொந்தப் பல் எது என்று அவளுக்கே குழம்பியது. சரி, இப்போது தூரம். சன்னல் பக்கம் திரும்பினாள். தண்ணீர்த்தொட்டி இல்லை. அந்த இடத்தில் ஒரு சாம்பல் மேகம். லென்ஸின் வளையத்தைக் கடைசி வரை, எட்டைப் படுக்கப் போட்ட முடிவிலிக் குறி வரை திருப்பினாள், மேகம் கொஞ்சம் இறுகியது, தொட்டியாகவில்லை.

"இந்த பாடியில அது அப்படித்தான் மேடம். கிட்டத்துல இருக்கிறதை அழகா பார்க்கும். தூரம் மட்டும் கேட்காதீங்க," என்றார் கடைக்காரர். அடாப்டர் வளையத்தின் தடிமன் லென்ஸை ஒரு மில்லிமீட்டர் முன்னால் தள்ளிவிடுகிறதாம், அந்த ஒரு மில்லிமீட்டரில் உலகத்தில் முக்கால்வாசி போய்விடுகிறதாம். நடுவில் சின்னக் கண்ணாடி வைத்த வளையமும் உண்டு, அதில் தூரம் தெரியும், ஆனால் எல்லாம் ஆவி படிந்த மாதிரி இருக்கும், தன் கையால் அதை விற்க மாட்டேன் என்றார். பிறகு கேட்காமலே இன்னொரு பாடியை எடுத்து வைத்தார். வேறு கம்பெனி. அவளுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை. இதன் வாயிலிருந்து உள்ளே படம் விழும் தட்டு வரை ஆழம் குறைவு, அதனால் வளையத்துக்கு இடம் இருக்கிறது, நான்கையும் மாட்டலாம், நான்கும் தூரம் வரை பார்க்கும். மாட்டிக் காட்டினார். அவள் பார்த்தாள். அவருடைய லென்ஸில் பதினெட்டுப் படி. தன்னுடையதில் பதினெட்டுப் படி. "ஒண்ணே ஒண்ணு, உங்க லென்ஸுக்கும் வளையம் போட்டாகணும். டிக்னு உட்காராது."

சரி, அளந்தாயிற்று. நாலுக்கு நாலு. அங்கே நாலுக்கு மூன்று. இது போதுமே, இதைவிடக் குறைந்த வித்தியாசத்துக்குக் கட்டிலைத் தூக்கியிருக்கிறாள். ஆனால் கை முதல் பாடியை விடவில்லை, பிடி நன்றாக இருக்கிறது, பொத்தான்கள் கைக்கு எட்டுகின்றன, வளையம் போட்டால் அபெர்ச்சரை, வெளிச்சம் நுழையும் துளையை, ஒவ்வொரு தடவையும் தானே மூடித் திறக்க வேண்டும், மூடினால் உள்ளே இருட்டும், மழையில் வளையத்தை யார் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பது, இதெல்லாம் பார்க்க வேண்டாமா... தவிர, அவர் தூரத்தைப் படமே எடுப்பதில்லையே. அவர் ஆல்பத்தை அவள் பார்த்திருக்கிறாள். பல், பல், பூட்டின் உட்புறம், இலை நரம்பு, மறுபடி பல். கடலுக்குப் போனாலும் மணலில் குந்திக்கொண்டு சிப்பியைத்தான் எடுக்கப்போகிறார், அலையை எடுக்கப்போவது அவள்தான். அப்படியானால் தூரம் தெரியாததில் அவருக்கு என்ன நஷ்டம்? அவர் லென்ஸின் வளையத்தை விரலால் உருட்டினாள், இதோ சாட்சி, கிட்டத்துப் பாதியில் வழவழவென்று போகிறது, தூரத்துப் பாதியில் இறுகுகிறது, அந்தப் பக்கம் யாரும் போனதில்லை. அருமையான வாதம். கோர்ட்டில் நின்றால்கூட ஜெயிக்கும். இவ்வளவு நல்ல வாதம் தனக்கு எதற்குத் தேவைப்படுகிறது என்று அப்போதுதான் தோன்றியது. குக்கருக்கு வாதம் தேவைப்படவில்லை. கட்டிலுக்கு டேப் போதுமானதாக இருந்தது. எண் அவள் பக்கம் இருந்தவரை அளவுதான் பேசியது, எண் இன்றைக்கு அவர் பக்கம் போனதும் பிடி நன்றாக இருக்கிறது, மழை பெய்யும், கோர்ட்டுக்குப் போகலாம்... அட, கெட்டிக்காரி.

அப்படியும் அவர் லென்ஸை விட்டிருப்பாள். விடாமல் செய்தது ஆல்பத்தின் கடைசிப் பக்கம். ஆல்பத்தைப் புரட்டிய அன்றைக்கே அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் மூடி வைத்தாள். ஒரு மலைச்சரிவு, பழுப்பும் பச்சையுமாக, நடுவில் எள்ளு மாதிரி ஒரு ஆள், முன்னால் மூன்று கோடு. உற்றுப் பார்த்தால் கோடுகள் முக்காலி, எள்ளு அவள். கல்யாணத்துக்கு முன்னால், அந்தச் சரிவில் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அளந்த நாட்களில் ஒன்று. கீழே சாலையில் நின்று எடுத்திருக்கிறார். வந்தேன் என்று சொன்னதில்லை. எடுத்தேன் என்றும் சொன்னதில்லை. இறுகிக் கிடக்கும் இந்தப் பாதியை ஒரு தடவை, முழு பலத்தோடு, எட்டைப் படுக்கப் போட்ட குறி வரை திருப்பியிருக்கிறார், அங்கே நின்றிருந்தது அவள். அவள் கேமராவை மேஜைமேல் வைத்தாள். "இதைக் கொடுங்க, வேற கம்பெனிது. வளையம் நாலு போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு, கழட்டி மாட்டுற வேலை வேண்டாம்." கடைக்காரர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். உங்க லென்ஸுக்கு அது அவ்வளவு சௌகரியம் இல்லையே என்று மறுபடி சொல்லிப் பார்த்தார். தெரியும் என்றாள். எது வாங்கினாலும் சரியாகத்தான் வாங்குவாள், இதில் மட்டும் மாற்றம் இல்லை.

படிக்கட்டின் வளைவில் ஒரு சன்னல் இருந்தது, அங்கே நின்று அவருக்குப் போன் செய்தாள். பல்லை ராவும் மோட்டார் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. உங்க லென்ஸைக் கொடுக்கலை என்றாள். ஏன், சேர்ந்துடுச்சா என்றார். உங்களோடதும் சேரலை, என்னோடதும் சேரலை, ரெண்டுக்கும் வளையம் போட்டாகணும், ஆனா எல்லாத்துலயும் தூரம் தெரியுது, அப்படி ஒரு பாடி என்றாள். மோட்டார் நின்றது. உன்னோடது மூணும் நேரா உட்கார்ற ஒண்ணு இருக்குன்னு சொன்னியே, அது இல்லையா என்றார். இருந்தது என்றாள். அதற்குமேல் சொல்ல அவளிடம் எண் எதுவும் இல்லை. மறுமுனையில் அவர் ஏதோ கருவியை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்போ... அந்தச் சாய்வு நாற்காலியை வேணும்னா எடுத்துட்டு வரட்டுமா?"

"அதைத்தான் வித்துட்டீங்களே."

"இல்ல. தங்கச்சி வீட்டு மாடியில இருக்கு."

நாத்தனார் வீட்டு மாடி. இரண்டு தடவை போயிருக்கிறாள், மாடி அறை பூட்டியிருந்தது, சாமான் கிடக்குது அண்ணி என்று நாத்தனார் பேச்சை மாற்றிக் கீழே அழைத்துப்போனாள். "நாற்காலி மட்டுமா?" என்று கேட்டாள், கேட்கும்போதே அந்த அறையின் நீள அகலம் மனதில் ஓடியது, பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும், ஒரு கட்டில், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு சின்ன குக்கர், எல்லாம் தாராளமாகக் கொள்ளும்.

"எல்லாமே இருக்கு," என்றார் அவர். தப்பு செய்தவர் குரல் இல்லை. பல்லின் நிறத்தைச் சொல்லும் அதே குரல்.

கொண்டு வாங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஒன்றரை அடி மிஞ்சினால் ஒன்றரை அடியில் நடந்துகொள்ளலாம், இடுப்பா பெருத்துக் கிடக்கிறது. நாளைக்குக் கடல், பை தயார், கேமரா கையில். அவருடைய லென்ஸ்தான் அதில் இருந்தது, கழற்றத் தோன்றவில்லை, கண்ணில் வைத்துச் சன்னல் வழியே பார்த்தாள், தொட்டி, ஏணி, பதினெட்டுப் படி, எல்லாம் கத்தி போல. எட்டு மாதம் ஒரு முழுக் குடித்தனத்தைத் துணி போட்டு மூடி வைத்திருப்பவர் அதை இங்கே கொண்டுவரக் காத்திருந்தாரா, இல்லை, அங்கே திரும்பிப் போகவா... கேட்டிருக்கலாம். எந்த இடத்தையும் அளக்க, முதலில் அசையாத ஒரு புள்ளியில் முக்காலியை ஊன்ற வேண்டும், இத்தனை நாளும் அவள் தன் வீட்டுக் கூடத்தின் நடுவே ஊன்றி அங்கிருந்தே அளந்திருக்கிறாள், அந்த மாடி அறையிலிருந்து பார்த்தால் கூடம் எவ்வளவு தூரம் என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றியதில்லை. படியிறங்கினாள். எட்டு அங்குலப் படி மேலேதான் இருந்தது, தெரியும், இருந்தும் கால் ஒவ்வொரு படியிலும் அதைத் தேடிக்கொண்டே போயிற்று.