‘கேங்’ என்ற சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்

1

வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இக்கதை ‘கேங்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைப் படித்ததில் பிறந்தது. அச்சொல் ஆதியில் ஆட்களைக் குறிக்கவேயில்லை. நடப்பதை, போவதைக் குறித்தது. பிறகு ஒரு வேலைக்கான கருவிகளை, வேலையாட்களை, ரவுடிகளை, கடைசியில் நண்பர்களை. நடை எப்படி நட்பாயிற்று என்பது எழுதுபவருக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கியிருந்தால் கட்டுரையாக எழுதியிருப்பார்.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் (வேண்டாம். அகராதி அலுவலகத்துக்குள் மழைக்கு என்ன வேலை?)

அகராதி அலுவலகத்தில் மூவர் சேர்ந்தே மதியம் சாப்பிடுவார்கள்: சொற்பொருள் எழுதும் பெண், ‘குண்டூசி’ என்று பெயரெடுத்த மெய்ப்புத் திருத்துபவள், பக்கம் வடிவமைக்கும் அண்ணன்.* சொற்பொருள்காரிக்குப் பதவி உயர்ந்து மாடியில் தனியறை கிடைத்தது. அதன்பின் அவளைச் சாப்பிட யாரும் கூப்பிடவில்லை. மறந்தார்களா, ஒதுக்கினார்களா? கேட்க நா எழவில்லை. மாடியிலேயே தனியாகச் சாப்பிட்டாள்.

* அவர் யாருக்கும் உடன்பிறந்தவர் அல்லர். எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள், அவரும் மறுக்கவில்லை.

3

எடுத்துக்காட்டு வாக்கியத்தை எழுதியவரே வாசிக்கக் கூடாது, வேறொருவர் உரக்க வாசிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். கண் மன்னிப்பதைக் காது மன்னிக்காதல்லவா? கீழே, அண்ணனின் மேசையருகே, சொற்பொருள்காரி மாடியிலிருந்து எடுத்துவந்த ‘கேங்’ பதிவு குண்டூசியின் கைக்குப் போனது.

“‘எங்கள் கேங் என்னை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது.’” குண்டூசி கண்ணாடியைக் கழற்றினாள். “இது அகராதியா, ஒப்பாரியா?”

மற்றப் பொருள்களுக்கெல்லாம் ஒழுங்காக எழுதிய சொற்பொருள்காரியின் கை, ‘நண்பர்கள்’ என்ற கடைசிப் பொருளுக்கு வந்ததும் தன்பாட்டுக்கு எழுதிவிட்டிருந்தது.

“வாக்கியம் சரியாத்தானே இருக்கு,” என்றாள் சொற்பொருள்காரி.

“வாக்கியம் சரி. விஷயம்தான் பொய். மாடிக்குப் போனவ இறங்கி வருவாளான்னு நாங்கதான் டப்பாவைத் திறக்காம உக்காந்திருந்தோம்.”

“ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல?”

“மேடத்தை எப்படிங்க கூப்பிடுறது?” என்றார் அண்ணன். அதுவரை அவளைத் ‘தங்கச்சி’ என்றே அழைத்த வாய்.

அது கேலியா, மரியாதையா, மனத்தாங்கலா? எழுதுபவர் மூன்றாகவும் எழுதிப் பார்த்தார். மூன்றும் பொருந்தித் தொலைக்கின்றன.

4

முடிவு ஒன்று: மூவரும் சிரித்து, ஒரே டப்பாவில் கை... (தேன் சொட்டுகிறது. நீக்கப்பட்டது.)

முடிவு இரண்டு: அவள் வாக்கியத்தை அடித்துவிட்டு, ரவுடிகளைப் பற்றி வேறொன்று எழுதி, மாடியேறிப் போகிறாள். (எழுதுபவருக்கு மனம் வரவில்லை.)

நடந்தது இவ்வளவே. சாப்பாட்டு நேரமாயிற்று. அண்ணன் டப்பாவோடு முன்னே நடந்தார். குண்டூசி வாசலில் நின்று, பென்சிலைக் காட்டிக் கேட்டாள்: “இந்த வாக்கியத்தை அடிக்கவா, வைக்கவா? சீக்கிரம் சொல்லுடி, பசிக்குது.”

சொற்பொருள்காரி எழுந்தாள். வாய் திறந்தாள்.

[அவளது பதிலைத் தாங்களே உரக்க வாசித்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது. எழுதியவர் வாசிக்கக் கூடாது என்பது வழக்கம்.]