ஒன்றரை அடிக் குழலுக்கு ஒரு தோட்டா

சருகுக்கோம்பையில் மானைச் சுடுகிறவன், சுடுவதற்கு முன்னால் அந்த மானைக் கடைக்கு அழைத்துப் போய், அதற்குப் பிடித்த தோட்டாவை எடுத்துத் தர வேண்டும். கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுக்கிற மாதிரிதான். நல்ல நாள் பார்த்து இரண்டு தரப்பும் போக வேண்டும், செவ்வாய்க்கிழமை ஆகாது. சுடுகிறவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், மான் பார்த்து எடுக்கும். எதுவும் பிடிக்கவில்லை என்றால் மான் எழுந்து போய்விடும், அந்த வருஷம் அவனுக்கு வேறு மான் கிடையாது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் மானைக் கேட்காமலே சுடுகிறார்களாம். என்ன ஜனங்களோ.

ஒச்சப்பனுக்கு இந்த வருஷம் எப்படியாவது ஒரு மான் விழுந்தாக வேண்டும். காரணம், கோயில் தெற்கு வரிசையில் மூன்றாவதாக நிற்கிற தூண்.

பங்குனித் திருவிழாவில் உச்சிகால மணி அடிப்பதற்குள் கோயில் வாசலுக்கு மான் கொண்டுவருகிறவனுக்குத்தான் பரிவட்டம் கட்டுவார்கள். மான் கொண்டுவரும் பாத்தியதை ஒச்சப்பனின் குடும்பத்துக்கு மட்டுமே உண்டு. அவனுடைய அப்பா இருந்தவரை வருஷம் தவறாமல் கட்டிக்கொண்டார். அவர் போனபிறகு பதினோரு வருஷமாக அந்த வீட்டிலிருந்து ஒரு மானும் வரவில்லை. எடுத்த பரிவட்டத்தைக் கட்டாமல் வைக்கக் கூடாது என்பதால், அப்பா வழக்கமாகச் சாய்ந்து நிற்கிற தூணுக்குப் பூசாரி கட்டிவிட்டார். தூண் ஒரு குறையும் வைக்கவில்லை. நேரத்துக்கு நின்றது, பிரசாதத்துக்குத் தகராறு செய்யவில்லை, மேளக்காரர்களை அதட்டவில்லை. ஒச்சப்பனின் அப்பாவைவிடத் தூணுக்குத்தான் பரிவட்டம் எடுப்பாக இருக்கிறது என்றுகூட ஊரில் பேச்சு வந்தது. பன்னிரண்டு வருஷம் தொடர்ந்து யார் கட்டிக்கொள்கிறார்களோ அவர்தான் அந்தக் குடும்பத்தின் மூத்த தலைக்கட்டு. அதற்கப்புறம் அப்பீல் கிடையாது. இது பன்னிரண்டாவது திருவிழா. இனி ஆயுசு முழுக்க ஒரு கல்தூணுக்குப் பின்னால் நின்று திருநீறு வாங்க வேண்டியிருக்குமே என்று நினைக்கும்போதெல்லாம் ஒச்சப்பனுக்கு வயிறு எரிந்தது.

இத்தனை வருஷம் மான் விழாததற்குக் காரணம் பாகப்பிரிவினை. அப்பா செத்ததும் அண்ணன் மாயழகுவுக்கும் ஒச்சப்பனுக்கும் எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். கிணற்றுக்கு முறை வைத்தார்கள், வீட்டுக்கு நடுவே சுவர் வைத்தார்கள். அப்பாவின் துப்பாக்கி மிஞ்சியது. மூன்றடிக் குழல். பஞ்சாயத்தார் நியாயம் தவறாதவர்கள், அளந்து நட்டநடுவில் அறுத்தார்கள். மூத்தவன் என்பதால் குழலின் முன்பாதி மாயழகுவுக்குப் போனது. கட்டையும் விசையும் உள்ள பின்பாதி ஒச்சப்பனுக்கு வந்தது. இருவருமே தனக்குத்தான் அநியாயம் நடந்துவிட்டது என்று நினைத்ததால், பிரிவினை சரியாகத்தான் நடந்திருக்கிறது என்று பஞ்சாயத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. மாயழகுவின் பெண்டாட்டி முத்திருளாயி அவர்களுடைய பாதியை அடுப்பு ஊத வைத்துக்கொண்டாள். நல்ல காற்று வருகிறது என்று அவள் ஊரெல்லாம் சொன்னது ஒச்சப்பனின் காதுக்கும் வந்தது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குமேல் ராவுத்தர் கடைக்குப் போனார்கள். மான் நாலு வயசுப் புள்ளிமான், அமரிக்கையான சுபாவம். கூடவே அதன் தாய்மாமனும் வந்திருந்தார். அவர் ஒரு கடமான். புள்ளிமானுக்குக் கடமான் எந்த வழியில் தாய்மாமன் என்று யாரும் கேட்கவில்லை. அது அவர்கள் குடும்ப விஷயம். ராவுத்தர் வெள்ளை விரிப்பு போட்டு உட்காரவைத்தார், மான் தரப்புக்கு மட்டும் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். ஒச்சப்பன் துண்டில் சுற்றிய துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தான்.

ராவுத்தர் முதலில் சிறுரவைத் தோட்டாப் பெட்டியைத் திறந்தார். மாமன் எட்டிப் பார்த்துவிட்டு, இது கொக்குக்குப் போடுவதல்லவா, எங்கள் பிள்ளையை என்ன என்று நினைத்தீர்கள் என்றார். ராவுத்தர் அதைக் கேட்காதவர்போல் மூடிவிட்டு, ஒன்பது உருண்டை போட்ட பெரியரவையை எடுத்து விரித்தார். இது இப்போது நன்றாகப் போகிறது, போன வாரம்தான் மேலூற்று மான் ஒன்று இதையே எடுத்துப் போனது, அதற்கப்புறம் ஒரு புகாரும் வரவில்லை என்றார். மான் ஒவ்வொரு உருண்டையாக மோந்து பார்த்தது. ஒன்பது பேர் வந்தால் யார் செய்தது என்று தெரியாமல் போய்விடும், ஒருத்தராக இருந்தால் தேவலை என்று மெல்லச் சொன்னது.

பிறகு ஒற்றைக் குண்டுகள் வந்தன. ஈயம், மொட்டைத் தலை, குழித் தலை, கனமானது, கனம் குறைந்தது என்று விரிப்பு நிறைந்துவிட்டது. குழித் தலை உள்ளே போனதும் பூ மாதிரி விரியும் என்று ராவுத்தர் விரல்களை விரித்துக் காட்டினார். மாமனுக்கு அதில் ஒரு பிடித்தம் வந்துவிட்டது. அப்படியே, குழல் எத்தனை அடி என்று சாதாரணமாகக் கேட்டார்.

ஒச்சப்பன் இருமினான். துண்டை அவிழ்க்காமல் தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்த்தான், இல்லை. ராவுத்தர் துணி அளக்கிற இரும்புக்கோலைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். ஒன்றரை அடி. மாமன் கலர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

“எங்ககிட்ட மூணடின்னுதான் சொன்னாக.”

ராவுத்தர் நாலு தலைமுறையாகத் தோட்டா விற்கிறவர், அவருக்கு இதெல்லாம் புதிதில்லை. மாமனைச் சமாதானப்படுத்துவதற்காக விளக்கினார். குழல் குட்டையானால், மருந்து எரிந்து தீர்வதற்கு முன்பே குண்டு வாசலுக்கு வந்துவிடும். பாதிப் பந்தியில் எழுந்து வந்தவன் மாதிரி அரை வயிறாக வரும். வேகமும் அரைதான், புத்தியும் அரைதான். சட்டென்று எரிகிற மருந்து, லேசான குண்டு என்று பார்த்து எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் லேசானது எலும்பு வரை போகுமா என்பதற்கு அவர் பொறுப்பில்லை. இதையெல்லாம் அவர் துப்பாக்கியைப் பார்க்காமல் ஒச்சப்பனைப் பார்த்தே சொன்னார்.

அப்போது மான் தலையை நிமிர்த்தியது. “எனக்குக் காயத்தோட மூணு மலை ஏறி இறங்கித் தவிக்க முடியாதுங்க. நின்ன எடத்துல விழணும். வேற ஒண்ணும் கேக்கல.”

அது கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஒச்சப்பனுக்கு வெட்கமாக இருந்தது. பஞ்சாயத்தில் குழலை அறுத்தபோதுகூட அவனுக்கு இவ்வளவு வெட்கம் வரவில்லை. அன்றைக்கு அண்ணனுக்குப் போன பாதி பெரிதா என்று அளந்துகொண்டிருந்தான், அதனால் நேரமில்லை.

மாமன் எழுந்திருக்கப் போனார். ராவுத்தர் அவரைக் கையமர்த்திவிட்டு, உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் பஞ்சுமேல் ஒரே ஒரு தோட்டா இருந்தது. செம்பு மூக்கு, பச்சை உடம்பு. மான் அதைப் பல்லால் பக்குவமாகக் கவ்வி, வாசலுக்கு எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தது. கடை விளக்கில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து, இதுதான் என்றது. மாமனும் மானின் கழுத்தோரம் வைத்துப் பார்த்துவிட்டு, நிறத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்றார்.

“மாப்ள, ஒரு வெவரம் சொல்லிர்றேன்” என்றார் ராவுத்தர். “இது மூணடி கேக்கும். பாதியில விடாது. ஓங்கிட்ட ஒன்றரை அடி நடந்துட்டு, மிச்ச ஒன்றரை அடி எங்க இருக்கோ அங்க போயி அதையும் முடிச்சிட்டுத்தான் மானுகிட்ட வரும். அண்ணங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி, கொழல மானுப் பக்கமாப் பிடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லிரு.”

ஒச்சப்பன் தலையாட்டினான். தோட்டாவை மஞ்சள் தடவித் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். சுடுவது வெள்ளிக்கிழமை காலை, திருவிழா அன்றைக்கே என்று முடிவானது.

ஒரு வார்த்தை சொல்லவேண்டுமாம். பதினோரு வருஷமாகச் சேர்த்துவைத்த கோபத்தை ஒரு வார்த்தையில் செலவழிக்க ஒச்சப்பன் என்ன கேனையனா? சருகுக்கோம்பையில் பேச்சு விட்டுப்போனவர்கள் அவசரம் என்றால் சாடையாகப் பேசலாம், அதில் கௌரவம் குறையாது. வியாழக்கிழமை காலை அவன் நடுச்சுவரோரம் கட்டியிருந்த தன் ஆட்டிடம் போய், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சொன்னான். நாளைக்குக் காலையில் ஒருத்தர் அந்த வீட்டுக்கு வருவார். வருகிறவர் பெரிய இடம். குழலைக் கழுவித் துடைத்து வைக்க வேண்டும், அவர் உள்ளே போவார். அடுத்ததாக, தயவுசெய்து அவரை உடனே மானிடம் அனுப்பிவிடவும் என்று சொல்ல வேண்டும். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அது கெஞ்சுகிற மாதிரி இருந்தது, அதனால் அதை மட்டும் விழுங்கிவிட்டான். ஆடு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் முத்திருளாயி கோழியைப் பார்த்து, சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மந்தைத் திடலுக்கு ஊரே வந்துவிட்டது. மான் குளித்து, நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு, குறித்த இடத்தில் வந்து நின்றது. மாமன் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒச்சப்பன் சுட்டான். பெரிய சத்தம், அதைவிடப் பெரிய நெருப்பு. குட்டைக் குழலில் அப்படித்தான், ஆர்ப்பாட்டத்துக்குக் குறைச்சல் இருக்காது. குண்டு வெளியே வந்தது, மானைப் பார்த்து மரியாதைக்குக் கொஞ்சம் நின்றது, பிறகு திரும்பிக் கீழத்தெரு வழியாக மாயழகு வீட்டுக்குப் போனது. டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

பதினொன்று ஆனது. குண்டு வரவில்லை. மான் காலை மாற்றி நின்றது. பதினொன்றரைக்குக் கோயிலில் மேளம் ஆரம்பித்தார்கள். மாமன் பல்லைக் கடித்துக்கொண்டு, உங்கள் வீட்டு ஆட்களை ஒரு எட்டுப் போய்ப் பார்க்கக் கூடாதா என்றார். ஒச்சப்பனுக்கு வேறு வழியில்லை. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் அண்ணன் வாசற்படியில் கால் வைத்தான்.

உள்ளே குண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நுனி வாழையிலை போட்டு, வடை பாயாசத்தோடு முத்திருளாயி பரிமாறிக்கொண்டிருந்தாள். கழுவித் துடைத்த குழல் பக்கத்தில் பளபளவென்று இருந்தது. மாயழகு தம்பியை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. அடுத்த வீட்டில் இருந்தும் ஒச்சப்பன் அதை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

“நம்ம வீட்டுக்கு வந்தவர வெறும் வயித்தோடயா அனுப்புறது?” என்றான் மாயழகு. “அரை வயித்துலல்ல அனுப்பியிருக்க.”

“மணி அடிக்கப்போறாங்கண்ணே.”

“உக்காரு. நீயும் சாப்புட்டு எத்தன வருசமாச்சு.”

ஒச்சப்பன் உட்கார்ந்தான். உட்காராமல் இருந்திருக்கலாம். ஆனால் அண்ணி இலையைப் போட்டுவிட்டாள், போட்ட இலையை விட்டு எழுந்தால் மறுபடியும் ஒரு பதினோரு வருஷம் ஆகும். முதல் கவளம் உள்ளே போனதும் அவனுக்கு அழுகை வந்தது, ரசம் காரம் என்று சொல்லிச் சமாளித்தான். குண்டு இரண்டாம் தடவை பாயாசம் வாங்கியது. பிறகு கை கழுவிவிட்டுக் குழலுக்குள் போய்ப் படுத்தது. வயிறு முட்டத் தின்ற குண்டை எழுப்புவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மாயழகு நுனியைத் தட்டிப் பார்த்தான், முத்திருளாயி அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதியும் பார்த்தாள். உள்ளேயிருந்து குறட்டைதான் வந்தது. மான் நின்று நின்று கால் கடுத்து, மாமனை அழைத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டது. அவர்களுக்கும் இலை போட்டார்கள். மாமனுக்குக் கூட்டு பிடித்திருந்தது, மூணடி என்று பொய் சொன்னதை அதன்பிறகு அவர் பேசவில்லை.

உச்சிகால மணி அடித்தது. பன்னிரண்டாவது பரிவட்டமும் தூணுக்கே போனது.

கொஞ்ச நேரத்தில் வாசல் இருண்டது. தெற்கு வரிசை மூன்றாவது தூண் நின்றுகொண்டிருந்தது, புதுப் பரிவட்டத்தோடு. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்துத் தூண்களிடம் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னது. நிலைப்படியில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, மூத்த தலைக்கட்டு உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. தரை கொஞ்சம் இறங்கியது. முத்திருளாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள்.

தூண் சுற்றி வளைக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முந்தைய பாகப்பிரிவினையில் தனக்கு ஒன்றும் ஒதுக்கவில்லை என்றது. அதில் கோபம் ஒன்றும் இல்லை, அப்போது தனக்கு உரிமை வரவில்லை. இப்போது வந்துவிட்டது. கிணறும் வீடும் வேண்டாம், அப்பாவின் துப்பாக்கியில் மட்டும் மூன்றில் ஒரு பாகம் கொடுத்தால் போதும்.

கேட்டது நியாயம்தான். ஒச்சப்பன் சுவருக்கு அந்தப் பக்கம் போய்த் தன் பாதியையும் ரம்பத்தையும் எடுத்துவந்தான். மாயழகு தூங்குகிற குண்டை அலுங்காமல் தலையணைக்கு மாற்றிவிட்டுத் தன் பாதியைக் கொண்டுவந்து வைத்தான். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, தலைக்கு ஓரடி வருகிற மாதிரி சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். குழல்வாய்ப் பக்கம் உள்ள முதல் ஓரடி தூணுக்கு, மூத்தவர் அல்லவா.

மான் வெற்றிலையை மென்றுகொண்டே, ஓரடிக் குழலுக்கு ராவுத்தரிடம் என்ன இருக்கும் என்று கேட்டது. அடுத்த புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, எல்லோருமாகப் போய்ப் பார்த்து எடுத்துவிடலாம் என்றது தூண்.