எளிதில் ஏறிய தோள்

வாலிபால் வலைக்கு மேலே எம்பி ஓங்கி அடித்த மாப்பிள்ளை, கீழே இறங்கும்போது வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு இறங்கினான். பந்து எதிர்ப்பக்கம் விழுந்து பாயிண்ட் ஆகிவிட்டது. தோள் மூட்டும் கழன்றுவிட்டது.

"கைராசியக் கூப்பிடுங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

கூப்பிடவே வேண்டாம். அவர் அதற்குள் செருப்பை உதறிவிட்டு மைதானத்துக்குள் ஓடிவந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்தார். அக்குளில் தன் குதிகாலை ஊன்றினார். மணிக்கட்டைப் பிடித்து நிதானமாக இழுத்து, லேசாகத் திருப்பினார். 'டொக்'கென்று ஒரு சத்தம், தோள் உள்ளே போய்விட்டது. பாட்டில் தொழிற்சாலையின் சாயங்கால ஷிஃப்ட் ஆட்கள் மொத்தப் பேரும் கைதட்டினார்கள்.

"அரை நிமிஷம் கூட ஆகலப்பா!" என்றார் அணி மேனேஜர், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

கைராசிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நல்லவர்தான். ஒரு காலத்தில் அவரும் இதே அணியில் ஆடியவர். முழங்கால் போனபிறகு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் வேலை. எண்ணெய் தேய்க்கவும், சுளுக்கு எடுக்கவும், கட்டுப் போடவும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். படித்துக் கற்றது ஒன்றும் கிடையாது. கை நல்ல கை என்று நாலு பேர் சொல்லப்போய் அதுவே பெயராகிவிட்டது.

மாப்பிள்ளை வேறு யாரும் இல்லை, அவருடைய சொந்தத் தங்கையின் புருஷன். அவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அணி முழுக்க அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது. பாட்டில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் தற்காலிக வேலையில் இருந்தான். தொழிற்சாலைகளுக்கு இடையிலான கோப்பையை ஜெயித்துவிட்டால் அவன் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நம்பித்தான் அந்தக் குடும்பமே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

முதல்முறை தோள் கழன்றபோது உள்ளே தள்ளப் பத்து நிமிஷம் பிடித்தது. மாப்பிள்ளை வலியில் அலறிய அலறலில் வாட்ச்மேன் கேட்டை விட்டுவிட்டு ஓடிவந்தார். இரண்டாம் முறை ஐந்து நிமிஷம். மூன்றாம் முறை இரண்டே நிமிஷம். இப்போது நாலாம் முறை, அரை நிமிஷம்! கை தேறிக்கொண்டே வருகிறது என்று கைராசி மனசார நம்பினார். அடப்பாவி மனுஷா, அது எதனால் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா?

யோசிக்கச் சொல்லி ஒருவர் சொல்லத்தான் செய்தார். மூன்றாம் முறை கழன்றபோது தங்கை பிடித்த பிடியில் மாப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். வெளியே நர்ஸ் அவன் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணிக்கட்டில் கட்டிக்கொண்டிருந்தபோது, கைராசி தனியாக டாக்டர் அறைக்குள் நுழைந்தார்.

"எங்கிட்ட சொல்லுங்க டாக்டர், நான்தான் அவனப் பாத்துக்கறேன்."

"ஸ்கேன் எடுக்கணும். மூணு வாரம் கை அசையக்கூடாது. அதுக்கப்புறம் மாசக்கணக்குல பயிற்சி இருக்கு. தேவைப்பட்டா சின்னதா ஒரு ஆபரேஷன். ஒழுங்காப் பாத்தா அடுத்த வருஷம் தாராளமா ஆடலாம். இப்ப ஆடவே கூடாது."

கோப்பைக்கு இரண்டே மாசம் இருந்தது. வெளியே வந்த கைராசி, "ஒண்ணுமில்ல மாப்ள, லேசா சதை பிசகியிருக்காம். எண்ணெய் போட்டு உருவிவிட்டாப் போதுமாம்," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். பொய் சொல்கிறோமே என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை. வேலை நிரந்தரமானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

இறுதி ஆட்டம் வந்தது. ஐந்தாவது செட். பக்கவாட்டில் போன பந்தை எடுக்கப் பாய்ந்த மாப்பிள்ளை, நீட்டிய கையோடு சிமெண்ட் தரையில் மோதி விழுந்தான். கைராசி செருப்பை உதறிவிட்டு ஓடினார். குதிகாலை ஊன்றினார். இழுத்தார்.

ஏறவில்லை.

"விடு மச்சான்... வேணாம் மச்சான்... இது வேற மாதிரி வலிக்குது."

"பல்லக் கடிச்சுக்கோ மாப்ள, இதோ ஆச்சு!"

ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தன் கைக்கு ஏறாத தோளா? வீம்பு வந்துவிட்டது அவருக்கு. இரண்டு பேரை அழைத்து மாப்பிள்ளையின் உடம்பை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். முழு பலத்தையும் போட்டு இழுத்தார். உள்ளே ஏதோ நறநறத்தது. மாப்பிள்ளை அலறவில்லை, மயங்கிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர்தான் இருந்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்தார். கைராசியும் தங்கையும் எதிரே நின்றார்கள்.

"மொத தடவை ஏத்த எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பத்து நிமிஷம், டாக்டர்."

"போன தடவை?"

"அரை நிமிஷம்."

"சந்தோஷமா இருந்துதா?"

கைராசி தலையைக் குனிந்துகொண்டார்.

"தோள்ல ஒரு கிண்ணம் இருக்கு. அதுலதான் கையெலும்போட பந்து உக்காந்திருக்கு. ஒவ்வொரு தடவை கழலும்போதும் கிண்ணத்தோட விளிம்பு தேஞ்சிருக்கு. அதனாலதான் சுலபமா ஏறுச்சு. உங்க கை ஒண்ணும் தேறலங்க. அவர் தோள் தேஞ்சிருக்கு. இந்தத் தடவை விழுந்ததுல எலும்பே உடைஞ்சிருக்கு. உடைஞ்சது தெரியாம இழுத்ததுல நரம்பும் இழுபட்டிருக்கு. ஆபரேஷன் பண்ணறோம். ஆனா கையத் தலைக்கு மேல தூக்க முடியுமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. ஆட்டத்த மறந்துட வேண்டியதுதான்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் உங்ககிட்ட அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

தங்கை மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"உங்கிட்ட என்ன சொன்னாங்க?"

கைராசி இரண்டு கைகளையும் கூப்பினார்.

"எங்கிட்ட எதுவும் சொல்லாத. மன்னிப்பும் கேக்காத. உள்ள போய் அவருகிட்டச் சொல்லு."

கைராசி உள்ளே போய்ச் சொல்லச் சொல்ல, கண் விழித்துப் படுத்திருந்த மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டான். வலது கை கட்டுக்குள் கிடந்தது. திட்டுவான் என்று கைராசி காத்திருந்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"என் தோளு மச்சான்," என்றான் கடைசியில். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஆடறதா வேணாமான்னு நான் முடிவு பண்ணியிருப்பேன்."

கைராசி குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

வராந்தாவுக்கு வந்தபோது மேனேஜர் எதிரே வந்தார். தோற்றுப்போன கடுகடுப்பு முகத்தில் அப்படியே இருந்தது. நோயாளியைப் பற்றி ஒப்புக்கு இரண்டு வார்த்தை விசாரித்தார். நிரந்தர வேலை என்ன ஆச்சு என்று தங்கை கேட்டதற்கு, "அதான் தோத்துட்டோமேம்மா... தூக்க முடியாத கைய வச்சுக்கிட்டு என்ன வேலை செய்யறது?" என்று பூசி மெழுகினார். பிறகு கைராசியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஞாயித்துக்கிழமை வேற போட்டி இருக்கு. நம்ம பந்தத் தூக்கிக் குடுக்கறவனுக்கு முழங்கால் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கிடக்கு. நீங்க வந்து ஒரு உருவு உருவிவிட்டா நிக்க வச்சுடலாம்."

கைராசி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இனிமே எவன் மூட்டையும் நான் தொட மாட்டேன்."

"என்னய்யா இது? உன் கைய நம்பித்தானே அணியே இருக்கு!"

"அந்த நம்பிக்கைதான் சார் அவன் கைய எடுத்துடுச்சு!" வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் கைராசி. "கழண்டத உள்ள தள்ளினா வைத்தியம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஏன் கழண்டுதுன்னு பாக்கறதுதான் சார் வைத்தியம். உடம்பு வலிக்குதுன்னு சொன்னா ஆட்டத்த நிறுத்தணும். கோப்பை இந்த வருஷம் போனா அடுத்த வருஷம் வரும், மூட்டு போனா வராது. அந்த ஆள எங்கிட்ட அனுப்பாதீங்க, இங்க கூட்டிட்டு வாங்க. டாக்டர் சொல்றத அவனுக்குப் பதிலா நீங்களும் கேக்க வேணாம், நானும் கேக்க வேணாம். கால் யாரோடதோ, அவன் காதுல விழட்டும்."