இரண்டு கரைக்கும் ஒரு போன்

காணும் பொங்கல் அன்று பழவேற்காட்டு ஏரியில் படகுப் போட்டி. தோணிமேடும் வடக்குக்குப்பமும் மோதும். ஜெயித்த ஊரின் படகில்தான் ஆடி மாதம் கங்கையம்மன் ஏறுவாள். ஆகவே அதை யாரும் விளையாட்டு என்று சொல்வதில்லை.

போன வருடம் இரண்டு படகின் மூக்கும் ஒன்றாக வந்தன. ஆளுக்கொன்று சொன்னார்கள். தண்ணீரில் விழ வேண்டிய துடுப்புகள் முதுகுகளில் விழுந்தன. சிலருக்குத் தையல். அம்மன் அந்த ஆடியில் எந்தப் படகிலும் ஏறவில்லை. மினி லாரியில் போனாள்.

இந்த வருடம் இரண்டு ஊரும் கூடிப் பேசின. எல்லைக் கோட்டைப் போனில் வீடியோ எடுப்பது, படம் சொல்வதே தீர்ப்பு என்று முடிவாயிற்று. போனை யார் பிடிப்பது என்பதில் மறுபடி துடுப்பைத் தூக்கப் பார்த்தார்கள். கடைசியில் ஒரே பெயர்தான் மிஞ்சியது. சுமலதா.

அவள் தோணிமேட்டில் பிறந்தவள். வடக்குக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு படகில் முன்துடுப்பு அவள் அண்ணன் அன்புராஜ். மற்றதில் முன்துடுப்பு அவள் புருஷன் ஹேமநாத். தோணிமேட்டுத் தலைவர் பூவராகவன் அவளுக்குப் பெரியப்பா முறை. வடக்குக்குப்பத்துத் தலைவர் ரங்கசாமி அவள் மாமனார்.

"ரெண்டு பக்கமும் சொந்தம். எந்தப் பக்கமும் சாய மாட்டா" என்றார் ரங்கசாமி.

சாய்ந்தால் ஒரு வீட்டு வாசல் அவளுக்கு மூடிவிடும். அதை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

போன் அவளுக்குப் புதிதில்லை. விடிந்ததும் நண்டைப் படமெடுத்துச் சென்னை வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பி விற்பவள் அவள். அன்று காலையிலேயே போனில் இடம் காலி செய்துவிட்டாள். பழைய நண்டுகள் ஆயிரம் போயின. அழித்தவை குப்பைத்தொட்டியில் கிடந்து இடத்தை அடைக்கும் என்பதால் அதையும் துடைத்துக் காலி செய்தாள். கேமராக் கண்ணை முந்தானையால் துடைத்தாள். ஏரிக்குப் போகிறவர்கள் எல்லோரும் செய்வதுபோல் போனைக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை ரப்பர் பேண்டால் கட்டினாள்.

கவருக்கு மேல் ஈர விரல் வைத்தால் போன் கேட்காது. கேட்டாலும் கோணலாகக் கேட்கும். வீடியோவைத் தொடங்கவும் நிறுத்தவும் பக்கத்தில் உள்ள சத்தப் பொத்தானை அமுக்கினால் போதும். படகில் ஆடிக்கொண்டே நண்டு விற்றவளுக்கு இது மனப்பாடம்.

தண்ணீரில் இரண்டு கழிகள் ஊன்றி, சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அதுதான் எல்லை. கழிகளுக்கு நேராக நங்கூரமிட்ட சிறு படகில் சுமலதா நின்றாள். முன் கழி பின் கழியை மறைக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் படம் பொய் சொல்லும். அவளுக்கு இரு பக்கமும் இரண்டு தலைவர்கள், கல்யாண வீட்டுக் குத்துவிளக்குகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"போன் ஆடுதேம்மா" என்றார் பூவராகவன்.

"படகு ஆடுது பெரியப்பா."

"படகு ஆடல. நீதான் ஆடற."

தூரத்தில் வேட்டு வெடித்தது. சுமலதா பொத்தானை அமுக்கினாள். திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி மின்னியது.

முதலில் இரண்டு கறுப்புக் கோடுகள். பிறகு முதுகுகள். பிறகு துடுப்புகள், நுரை, பல்லைக் கடித்த முகங்கள். இரண்டு கரையும் கத்தின. தகரத்தில் தட்டினார்கள். நீர்க்காகங்கள் கூட்டமாக எழும்பிப் பறந்தன. அன்புராஜின் படகு முந்தியது. ஹேமநாத்தின் படகு முந்தியது. அப்புறம் எது முந்தியது என்று யாருக்கும் தெரியவில்லை. சுமலதாவுக்குக் காது அடைத்துப்போயிற்று. கழி, கழி, கழி என்று கண்ணை மட்டும் அங்கேயே வைத்திருந்தாள். இரண்டு மூக்குகளும் கழியைக் கடந்தன. அவள் பொத்தானை அமுக்கினாள்.

படகுகள் கிளப்பிய அலை அவள் படகில் ஏறி அடித்தது. அதற்குப் பின்னாலேயே ஆட்கள் வந்தார்கள். ஆளுக்கொரு கை நீண்டது. எல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டும் கை.

"காட்டு, காட்டு!"

"தள்ளுயா, படகு கவுந்துடும்!"

கவருக்கு மேல் சொட்டுகள் ஓடின. ஒவ்வொரு சொட்டையும் போன் ஒரு விரல் என்று நினைத்தது. திரை தானாகத் திறந்தது. மூடியது. ஏதோ கேட்டது. யாரோ ஆம் என்று சொன்ன மாதிரி அடங்கியது. சுமலதா ரப்பர் பேண்டை இழுத்தெறிந்து போனை வெளியே எடுத்தாள். கடைசிப் படத்தைத் திறந்தாள்.

கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு நண்டு நின்றது. காலையில் எடுத்த நண்டு.

"காணோம்" என்றாள்.

"இன்னா காணோம்?"

"வீடியோ."

தோணிமேட்டுப் படகிலிருந்து ஒருவன் கத்தினான்: "புருஷங்காரன் தோத்துட்டான்! அதான் அழிச்சிட்டா!"

வடக்குக்குப்பத்துப் படகிலிருந்து இன்னொருவன்: "டேய், அண்ணங்காரன் தோத்துட்டான்டா! அதான் அழிச்சிக்கீறா!"

அழித்தது அவள்தான் என்பதில் மட்டும் இரண்டு ஊரும் ஒத்துப்போயின.

பக்கத்துப் படகில் மாமியார் சம்பூர்ணம் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஒத்த வேல குட்த்தாங்க. அத்த ஒயுங்கா பண்ண முடில. நாளைக்கு எவ மூஞ்சில முழிக்கிறது?"

அன்புராஜ் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தான். ஹேமநாத்தும் பார்த்தான். இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குச் சுட்டது.

அதற்குள் படகுக்கு ஒரு போன் வைத்தியர் கிளம்பிவிட்டார்.

"அரிசி மூட்டைல போடும்மா. மீஞ்சூர்ல என் மச்சான் போட்டான், பொயச்சிக்கிச்சி."

"அரிசி தண்ணிய எடுக்கும். வீடியோவ எப்பிடிய்யா எடுக்கும்?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு!"

"நல்லா ஒரு தட்டு தட்டு!"

நண்டு வண்டி ஓட்டும் பென்னி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "யக்கா, ஒரு ஆப்பு கீது. அழிஞ்சத எல்லாம் தோண்டிக் குட்த்துடும். குடு, நான் ஏத்தறேன்."

"எவன் பண்ண ஆப்புடா அத்து?"

"தெர்ல. விளம்பரத்துல வந்துச்சி."

"உன் போன்ல ஏத்திக்க. இதுல புதுசா ஒண்ணும் ஏத்தக் கூடாது. ஒரு போட்டோகூட எடுக்கக் கூடாது. போன எடத்துல வேற ஒண்ணு வந்து குந்திக்கினா அப்புறம் தோண்டவே முடியாது."

"பேட்டரி சிவப்பா கீதே. பவர் பேங்க் கீது, சொருவட்டுமா?"

"ஈரத்துல சொருவினா போனே பூடும். நவுரு!"

அவள் போட்டோஸ் ஆப்பைத் திறந்தாள். குப்பைத்தொட்டிக்குப் போனாள். ஒன்றுமில்லை. காலையில் அவளே துடைத்து வைத்த தொட்டி பளிச்சென்று இருந்தது.

"இல்லியா?" என்றார் பூவராகவன். குரல் மாறியிருந்தது. பெரியப்பாவின் குரல் போய்த் தலைவரின் குரல் வந்திருந்தது.

"இருங்க."

அவள் கண்ணை மூடினாள். பொத்தானை அமுக்கினேன். படம் நின்றது. அப்புறம் திரை தானாகத் திறந்ததே, எதைத் திறந்தது? கேமராவிலிருந்து நேராகத் திறந்தால் அது போட்டோஸுக்குப் போகாது. கேலரிக்குப் போகும். இந்தப் போனில் படம் பார்க்க இரண்டு ஆப்புகள். இரண்டு வீட்டுக்கும் தனித்தனிக் குப்பைத்தொட்டி. காலையில் அவள் காலி செய்தது ஒன்றைத்தான்.

கேலரியில் தேடினாள். அடியில், மூன்று கோட்டுக் குறிக்குள்ளே, ‘சமீபத்தில் நீக்கியவை’. திறந்தாள்.

ஒரே ஒரு வீடியோ. இரண்டு கழிகள், சிவப்புத் துணி.

"கீது!" என்று அவள் போட்ட கூச்சலில் பென்னி தண்ணீரில் விழுந்தான்.

யாரும் அவனைத் தூக்கவில்லை. எல்லோரும் திரையைத்தான் பார்த்தார்கள். வீடியோவுக்குக் கீழே இரண்டே இரண்டு சொற்கள். இடது பக்கம் ‘மீட்டெடு’. வலது பக்கம் ‘நிரந்தரமாக நீக்கு’. நடுவில் ஒரு விரற்கடை இடம். திரை முழுக்க ஈரம்.

ஒரு சொட்டு மேலிருந்து நழுவி வலது பக்கமாக இறங்கியது. சுமலதா போனைச் சாய்த்தாள். சொட்டு மெல்லத் திசை மாறியது.

"துணி! காஞ்ச துணி குடுங்க!"

முந்தானை ஈரம். அண்ணன் ஈரம். புருஷன் ஈரம். இரண்டு தலைவர்களின் வேட்டியும் ஈரம். சுற்றி நின்ற ஐம்பது பேரிடமும் ஒரு காய்ந்த நூல் இல்லை. ரங்கசாமியின் மடியில் மட்டும் ஒரு டர்க்கி டவல், கடைக் கவரைப் பிரிக்காமல் இருந்தது. அவள் அதைப் பிடுங்கினாள்.

"ஏய், அத்து ஜெயிச்சவனுக்குப் போடறதும்மா!"

"ஜெயிச்சவன் யாருன்னு மொதல்ல தெரியட்டும் மாமா!"

பற்களால் கவரைக் கிழித்தாள். விரலைத் துடைத்தாள். திரையின் ஓரத்திலிருந்து, பொத்தான்கள் பக்கம் போகாமல், ஒற்றி ஒற்றி எடுத்தாள். விரலை நீட்டினாள்.

மீட்டெடு.

நண்டுக்குப் பக்கத்தில் வீடியோ வந்து உட்கார்ந்தது.

ஏரி வெடித்தது. யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமலே இரண்டு ஊரும் விசிலடித்தன.

"வெயில்ல ஒண்ணும் தெர்ல" என்றார் பூவராகவன். சுமலதா வெளிச்சத்தை முழுக்க ஏற்றினாள். போதவில்லை. டவலைத் தலைக்கு மேல் கூடாரம்போல் விரித்தார்கள். உள்ளே மூன்று தலைகள். இரண்டு நரைத்தலைகளும் அவள் கன்னத்தை இடித்தன. அவள் வீடியோவை ஓடவிட்டாள்.

கோடுகள். முதுகுகள். நுரை. அப்புறம் ஒரு குரல்.

"அண்ணா! இழுண்ணா! உடாதண்ணா!"

சுமலதாவுக்கு முதலில் யார் குரல் என்று புரியவில்லை. இவ்வளவு கிட்டத்தில் யார் கத்தியிருக்க முடியும்? அப்புறம் புரிந்தது.

"இழு! அந்தக் கட்டையில போறவன முந்த உடாதண்ணா!"

நிறுத்தப் பார்த்தாள். கை பழக்கத்தில் சத்தப் பொத்தானை அமுக்கியது. கேமராவில் அது நிறுத்தும் பொத்தான். இங்கே அது சத்தம் மட்டும்தான். பதறிப் பதறி அமுக்க, குரல் ஏறிக்கொண்டே போனது. கட்டையில போறவன், கட்டையில போறவன் என்று தண்ணீரின் மேல் உருண்டு கடைசிப் படகுவரை போயிற்று.

டவலுக்கு வெளியே யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

"எங்க ஊட்டு சோத்தத் துன்னுக்கினு, எம்புள்ளய கட்டையில போகச் சொல்றா பாரு!" என்றாள் சம்பூர்ணம்.

"சாயமாட்டான்னியே, இன்னாய்யா ரங்கசாமி?" என்று தோணிமேட்டுப் படகில் கேலி கிளம்பியது.

ரங்கசாமியின் முகம் இறுகியிருந்தது. சுமலதா அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். இனி அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். கீழே இருந்த கோட்டை விரலால் மெல்ல மெல்ல நகர்த்தினாள். படகுகள் துளித்துளியாக முன்னேறின. கழி கழியை மறைத்துக்கொண்டு நேராக நின்றது. இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

ஒரு மூக்கு கழியைத் தொட்டது. அடுத்த மூக்குக்கும் கழிக்கும் நடுவில் ஒரு சாண் தண்ணீர் மின்னியது.

தொட்ட மூக்கு நீலம். வடக்குக்குப்பத்துப் படகு.

பூவராகவன் இன்னொரு முறை நகர்த்தச் சொன்னார். இன்னொரு முறை. டவலை விலக்கிக்கொண்டு எழுந்து நின்றார். அவருடைய ஆட்கள் துடுப்புகளை இறுகப் பிடித்திருந்தார்கள்.

"வடக்குக்குப்பம்" என்றார்.

"அவ ஜோடிச்சிருப்பா நைனா!"

"மூடுறா வாய. காதுல கேட்டல்ல? நம்ம பொண்ணு தொண்ட கிழிய நமக்குத்தான் கத்திக்கீது. அப்பவும் படம் அவன் ஜெயிச்சான்னு காட்டுது. ஜோடிக்கிறவ இப்பிடியா ஜோடிப்பா? இதவிட சாட்சி எங்கடா கெடைக்கும்?"

துடுப்புகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. அன்புராஜ் தன் துடுப்பைப் படகுக்குள் போட்டான். சிரித்தான். "தோத்தாலும் கத்தறதுக்கு எனக்கு ஒருத்தி கீறாடா" என்றான்.

ரங்கசாமியின் முகம் தளர்ந்தது. மருமகள் தலையில் கைவைத்தார்.

கரையில் இருந்தவர்கள் பொறுக்கமாட்டாமல் கூவினார்கள். இரண்டு ஊரின் வாட்ஸ்அப் குழுவிலும் படத்தைப் போடச் சொன்னார்கள். சுமலதா வீடியோவை எடுத்து வைத்தாள். அனுப்பும் முன் மேலே சின்னதாக ஒரு ஒலிபெருக்கிக் குறி இருக்கும். அதைத் தொட்டால் சத்தம் போய்விடும், படம் மட்டும் போகும். கட்டைவிரலை அதன்மேல் கொண்டுபோனாள்.

"அத்தத் தொடாத."

ஹேமநாத் நீந்தி வந்து படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"மானம் போவுதுய்யா."

"போவட்டும். சத்தம் இல்லாம வந்தா ஊர்ல எவன் நம்புவான்? எனக்கோசரம் நீ அழிச்சி ஒட்டிட்டன்னுவானுங்க. அப்பிடியே உடு."

"உனக்குக் கோவம் இல்லியா?"

"ராத்திரிக்குக் கோவப்படறேன். இப்ப ஜெயிச்சிக்கீறேன்ல. கட்டையில போறவன் சொல்றேன், அனுப்பு."

அவள் அனுப்பினாள். ஏரியில் சிக்னல் மெதுவாகத்தான் வரும். வட்டம் சுற்றியது. சுற்றியது. நின்றது.

முதலில் தோணிமேட்டுக் கரையில் ஒரு போன் கத்தியது: இழுண்ணா! வடக்குக்குப்பத்துக் கரையில் இன்னொன்று. பிறகு படகுகளில், பனை மரத்தடியில், டீக்கடையில், ஒன்றன்மேல் ஒன்றாக, முன்னும் பின்னுமாக, இரண்டு கரையிலிருந்தும் அவளே அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.