கரண்டி மூக்கு

எனக்குப் பறவைகள் மீது எந்தப் பகையும் இல்லை. ஆனால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டிய சனிக்கிழமைக் காலையில், பல் கிட்டிப்போகும் குளிரில், ஈர மணலில் குப்புறப் படுத்துக் கிடப்பதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் மட்டும் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன்.

குளிர்காலம் வந்தால் என் மனைவிக்குக் கடல்தான் வீடு. வடக்கேயிருந்து உள்ளான் பறவைக் கூட்டங்கள் வந்து இறங்கும். இவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். நான் வண்டி ஓட்டுவேன், பையைச் சுமப்பேன், முணுமுணுப்பேன். கல்யாணமான புதிதிலிருந்து எங்களுக்குள் இதுதான் வேலைப் பிரிவினை.

அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து வைத்துக்கொண்டு அரை நாள் ராவுவாள். நான் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும். வீட்டில் எனக்குப் பம்பரம் என்று பெயர். சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு ஆட்டம் கொஞ்சம் அதிகம்தான். காரணம் இருந்தது. அவளுடைய மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை முடிவு சொல்லிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தாள். அந்தச் சனிக்கிழமைதான் கடலுக்குப் போக வேண்டும் என்று வெள்ளிக்கிழமை ராத்திரி ஒற்றைக் காலில் நின்றாள்.

"ரிசல்ட் வர்ற நாளும்மா," என்றேன்.

"வரட்டுமே. வீட்ல இருந்தா நீங்க நடந்து நடந்து தரையைத் தேய்ச்சிடுவீங்க," என்று லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அந்தக் கரண்டி மூக்கு வந்திருக்காம். நேத்து ஒருத்தர் பாத்திருக்காரு."

கரண்டி மூக்கு என்பது ஒரு உள்ளான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு. மூக்கு நுனி மட்டும் கரண்டிபோல் தட்டையாக இருக்கும். உலகத்திலேயே மிச்சமிருப்பது கொஞ்சம்தான் என்பார்கள். பல குளிர்காலமாக அதன் பின்னால் அலைகிறாள். அதுவும் டிமிக்கி கொடுத்துக்கொண்டே இருந்தது.

அவளுடைய சட்டம் ஒன்று உண்டு. ஃபோன்கள் காரிலேயே இருக்க வேண்டும். ஒருமுறை யாரோ ஒருவரின் பாக்கெட்டில் சினிமாப் பாட்டு அலறி, பறவைக் கூட்டம் மொத்தமும் எழும்பிப் போய்விட்டதாம். அவளுக்கு முன்னால் நான் பவ்யமாக ஒரு ஃபோனை எடுத்துக் காரின் முன்பெட்டியில் வைத்தேன். வேலைக்கான இன்னொரு ஃபோன் உள்பாக்கெட்டில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தது அந்த எண்ணைத்தான். காதில் சின்ன இயர்ஃபோன், அதை மறைக்கக் குரங்குக் குல்லா. லிஃப்ட் குழிக்குள் நிற்கும்போது கையெல்லாம் கிரீஸாக இருக்கும் என்பதால், அழைப்பு வந்தால் அந்த ஃபோன் தானே எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மணலில் இறங்கியதும் தவழ ஆரம்பித்தோம். முழங்கையை ஊன்றி, உடம்பை இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து. அவள் முன்னால், நான் பின்னால். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய ரப்பர் பூட்ஸின் அடிப்பாகம்தான். பேசக் கூடாது. அவள் குதிகாலை உயர்த்தினால் அசையாதே என்று அர்த்தம். இறக்கினால் வரலாம்.

என் மனசு எங்கே மணலில் இருந்தது? இந்நேரம் ரிப்போர்ட் வந்திருக்குமா? நல்ல செய்தி என்றால் உடனே சொல்லிவிடுவார்களே. தாமதமாவது கெட்டதற்கா? இல்லை, சனிக்கிழமை என்பதால் ஆட்கள் குறைவோ? லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டால் போதும், எப்படியோ தாங்கிக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டால்தான் கதவை உதைப்பார்கள். எனக்கு அப்போது கதவை உதைக்க வேண்டும்போல் இருந்தது.

குதிகால் உயர்ந்தது. நான் தலையை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். அலை பின்வாங்கிய சேற்றில் சின்னச் சின்ன உள்ளான்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஒன்று மூக்கைச் சேற்றில் வைத்து இடமும் வலமும் துழாவிக்கொண்டு, எங்களை நோக்கியே வந்தது. சாட்சாத் கரண்டி மூக்கேதான்.

அந்த நேரம் பார்த்து நெஞ்சுக்கு அடியில் ஃபோன் அதிர்ந்தது. நான் எதுவும் செய்வதற்குள் அது தானே எடுத்துக்கொண்டது.

"ஹலோ சார்? ஆஸ்பத்திரியிலேர்ந்து நர்ஸ் பேசறேன். ஹலோ? கேக்குதா?"

வாயைத் திறந்தால் பறவை போய்விடும். திறக்காவிட்டால் நர்ஸ் வைத்துவிடுவாள். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"லைன் சரியில்ல போல. சார், கேக்குதுன்னா கேட்டுக்குங்க. மேடத்துக்கு அடிச்சேன், எடுக்கல. நேத்து சாயங்காலம் டாக்டர் அவங்ககிட்ட ரிப்போர்ட் பத்திப் பேசினாருல்ல, ஆபரேஷன் தேதி யோசிச்சுச் சொல்றேன்னாங்க. தள்ளிப்போட வேணாம்னு சொல்லச் சொன்னாரு. கேன்சர்னாலும் ஆரம்பத்துலயே பாத்துட்டோம். பயப்படாதீங்க. அடுத்த வாரம் ரெண்டு நாள் காலியா இருக்கு. மேடத்தைக் கூப்பிடச் சொல்லுங்க சார்."

வைத்துவிட்டாள்.

நேற்று சாயங்காலம். அப்படியென்றால் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே இவளுக்குத் தெரியும். காரில் நான் ஆஸ்பத்திரியைத் திட்டிக்கொண்டே வந்தபோதும் தெரியும். வெளியே பார்த்துக்கொண்டு, "வரும்போது வரும்ங்க," என்றாளே. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதைவிடப் பெரிதாக இருந்தது பயம். எழுந்து அவளை உலுக்கிக் கேட்க வேண்டும் என்று உடம்பெல்லாம் பரபரத்தது.

ஆனால் அந்தக் குதிகால் இன்னும் இறங்கவில்லை. கேமரா சத்தமே இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டு கையாலும் மணலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கண்ணிலிருந்து நீர் வழிந்து மூக்குநுனியில் சொட்டியது. துடைக்கக்கூட முடியவில்லை. வாழ்க்கையில் நான் அப்படி அசையாமல் கிடந்ததே இல்லை.

கடைசியில் ஒரு பெரிய அலை வந்தது. கூட்டம் தானாகவே எழும்பி ஒரு வட்டம் அடித்துவிட்டு அந்தப் பக்கம் போனது. அவள் புரண்டு எழுந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் சேறு. அந்தச் சேற்றுக்குள்ளிருந்து சிரித்தாள்.

"கிடைச்சிடுச்சுங்க. சேத்துலேர்ந்து மூக்கைத் தூக்குற அந்த நொடி. பாருங்களேன்."

நான் குல்லாவைக் கழற்றினேன். காதில் இருந்ததைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே வடிந்துபோனது.

"நர்ஸ் பேசினாங்க," என்றேன். "நேத்தே தெரியுமாமே."

"ம்."

"எங்கிட்ட ஏன் மறைச்சே?"

"இன்னிக்கு ஒரு நாளாவது நீங்க நிம்மதியா இருக்கணும்னுதான்."

"நிம்மதியா? காலையிலேர்ந்து நான் நிம்மதியாவா இருந்தேன்? செத்துச் செத்துப் பொழச்சிட்டிருந்தேன்டி."

அவள் நிஜமாகவே திகைத்துப்போயிருந்தாள்.

"நீங்க எப்பவுமே இப்படித்தானே இருப்பீங்க," என்றாள் மெதுவாக. "எனக்கு வித்தியாசம் தெரியலங்க."

இத்தனை வருஷமாக நான் எல்லாவற்றுக்கும் குதித்துக் குதித்து, குதிக்க வேண்டிய நாளில் குதித்தது அவள் கண்ணிலேயே படாமல் போயிருக்கிறது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, சேறு படிந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது.

"அடுத்த வாரம் ரெண்டு நாள் காலியா இருக்காம்," என்றேன். "தேதி கேக்கறாங்க. யோசிச்சு நிதானமா சொல்லு. அவசரமில்ல."

ஒரு பறவைக்காகப் பல குளிர்காலம் காத்திருந்தவள், என் பாக்கெட்டுக்குள் கையை விட்டு ஃபோனை எடுத்து என்னிடமே நீட்டினாள்.

"ரெண்டுல எது முன்னாடியோ அதைச் சொல்லிடுங்க," என்றாள். "இப்பவே அடிங்க. என்னால காத்திருக்க முடியாது."