தலைமாற்றிக் கட்டிய கயிறு

கிழக்கு வெளுக்குமுன்னே கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டிருந்த பாய்க்கப்பலில் எட்டுப் பேரும் பெரிய பாயை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். நனைந்த கயிறு உள்ளங்கைத் தோலை உரித்தது. பாதி ஏறும்போது படாரென்று அறுந்தது. பாய் கட்டிய குறுக்குமரம் கயிறுகளைக் கட்டிப் பராமரிக்கும் கயிற்றுக்காரனுடைய மச்சினனின் இடுப்பில் விழுந்தது.

'என் தம்பியைப் பத்திரமாப் பாத்துக்க' என்று சொல்லித்தான் பொண்டாட்டி அனுப்பியிருந்தாள். நன்றாகப் பார்த்துக்கொண்டான், போ!

புதுக் கயிறு கேட்டு மூன்று பயணமாக முதலாளியிடம் தொண்டை வற்றக் கத்தியாயிற்று. செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதனால் போன வாரம் பழசையே தலைமாற்றிக் கட்டினான். நைந்த பாகத்தைச் சுமை விழாத நுனிக்குத் தள்ளிவிடுவது கடலோடிகளின் பழைய வித்தை. நடுவிலும் ஓரிடம் நைந்திருந்ததை அவன் தடவிப் பார்க்கவில்லை.

விசைப்படகில் முதலாளி வந்தார். சட்டையில் கறை பட்டுவிடுமே, கப்பலில் ஏறவில்லை.

"ஏன்டா இன்னும் கிளம்பல?"

"இவனைக் கரைக்கு ஏத்திட்டுப் போங்க ஐயா. மூச்சு இழுக்குது."

"போலீஸ் விசாரணைன்னு கப்பலை நிறுத்தி வைப்பான். மூணு நாள்ல அடுத்த துறைமுகம். அங்க பாத்துக்கலாம்."

"மூணு நாள் தாங்கமாட்டான் ஐயா!"

"கயிறு கட்டினவன் நீதானே? அரை மணியில நங்கூரம் ஏறணும். இல்லன்னா கரையில நூறு பேர் நிக்கிறான்."

படகு திரும்பிப் போய்விட்டது. கயிற்றுக்காரன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "நான்தான்டா கட்டினேன். பாவி நான்தான்."

"நிறுத்துடா," என்றான் சமையல்காரன். "நீ கட்டினப்ப எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தோம்? ஒருத்தன் வாயைத் திறந்தோமா? தோணியை இறக்குங்க, நாமளே கொண்டுபோவோம்."

"இறங்கிட்டா இனி எவன் நம்மளைக் கப்பல்ல ஏத்துவான்?" என்று கேட்டார் முப்பது வருஷம் சுக்கான் பிடித்த பெரியவர். ஆனாலும் அவரே முதலில் எழுந்துபோய்த் துடுப்பை எடுத்தார்.

நீரோட்டம் எதிரே அடித்தது. ஆறு பேர் துடுப்புப் போட்டும் கரை கிட்டே வருவதாய் இல்லை. கயிற்றுக்காரன் மடியில் கிடந்த மச்சினனின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவன் பிழைப்பான் என்று யாரும் நம்பவில்லை. கரையில் போலீஸ்தான் காத்திருக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

மச்சினன் கண்ணைத் திறந்தான். ஒரு காவல்கூட வைக்காமல் கப்பலை விட்டுவருவது கடலோடி செய்யாத காரியம். சாகக் கிடந்தவனுக்கும் அந்தக் கவலைதான்.

"மச்சான்... கப்பல்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லடா மாப்ள. எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

"ஒண்ணா இழுங்கடா!" என்று சமையல்காரன் கத்தினான். இழுத்தார்கள்.